ஸ்டாண்டுபையும் எங்கள் தெருப் பெட்டிகளும்

காஞ்சிபுரத்தில் பெண்கள் தங்கள் சொந்த வீட்டுச் சுவிட்சை அணைப்பதற்கு முன்னால் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு அணைத்த காலம் ஒன்று இருந்தது. மாமியாருக்குப் பயந்து அல்ல. மாமியார்களை எல்லாம் நாங்கள் எப்போதோ சமாளித்துவிட்டோம். ஸ்டாண்டுபைக்குப் பயந்து.

ஸ்டாண்டுபை ஒரு மனிதர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். எங்கள் தெருவில் அதைக் கேட்டவர் யாருமில்லை. ஒல்லியாக, உயரமாக, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு திசைகாட்டியைத் தொங்கவிட்டுக்கொண்டு, எப்போதும் தெற்குப் பக்கத்து வானத்தைப் பார்த்தபடியே சைக்கிள் ஓட்டுவார். எதிரில் மாடு வந்தால் மாடுதான் ஒதுங்க வேண்டும். எங்கள் ஊர் மாடுகள் சாமி தேருக்கே யோசித்து ஒதுங்குகிறவை. இவருக்குச் சட்டென்று ஒதுங்கின.

தொழில் என்று பார்த்தால் அவர் அட்டை அடிக்கிறவர். தறியின் தலைக்கு மேலே ஜக்கார்டு என்று ஒன்று உட்கார்ந்திருக்கும். அதில் ஓட்டை போட்ட அட்டைகளைக் கோத்து மாட்டினால், எந்த ஓட்டைக்கு எந்த இழை தூக்க வேண்டும் என்று அது பார்த்துக்கொள்ளும். புடவையில் மயிலோ யானையோ விழும். அந்த ஓட்டைகளைப் போட்டுக்கொண்டிருந்த மனிதர், இரண்டாயிரத்துக்குப் பிறகு எங்கள் நெசவாளர் தெருவில் மொட்டை மாடிக்கு மாடி டிஷ் முளைத்தபோது, டிஷ் மாட்டுகிறவராகவும் ஆனார். டிவிக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டி வைப்பார்கள் அல்லவா, அதைக் கொண்டுவந்து வைப்பவரும் அவர்தான். வைத்துவிட்டுப் போனவர் போயிருந்தால் நான் இதைச் சொல்ல வேண்டிய வேலையே இல்லை. அவர் போகவில்லை. தினமும் வந்தார்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம். டிவி பார்த்து முடித்தால் ரிமோட்டில் அணைப்போம். பிறகு சுவரில் சுவிட்சை அணைப்போம். பிறகு பிளக்கைப் பிடுங்குவோம். பிறகு அதன்மேல் ஒரு துணியைப் போட்டு மூடுவோம். நாலும் செய்தால்தான் எங்களுக்கு நிம்மதி. இதைப் பார்த்து அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

“யம்மா, ரிமோட்டுல அணைச்சா பெட்டி தூங்குது. அதுக்குப் பேரு ஸ்டாண்டுபை. சுவத்துல அணைச்சா சாவுது. தூங்க வைங்கம்மா, சாவடிக்காதீங்க!”

“தூங்கறதுக்கு எதுக்குப்பா கரண்டு?” என்றேன் நான்.

“தூக்கத்துலதான்மா அதுக்கு அப்டேட்டு வருது.”

அப்டேட்டு என்றால் என்ன என்று கேட்டதற்கு, என் தறிக்கு மேலே கையைக் காட்டினார். “தறியும் அதே தறி, பட்டும் அதே பட்டு. அட்டைய மாத்துனா மயிலு போயி யானை வருதா இல்லியா? பெட்டியும் அப்படித்தான். உள்ள இருக்கற தகரத்தை மாத்த வாணாம், கம்பிய மாத்த வாணாம். அட்டை மட்டும் வானத்துல இருந்து வந்துக்கினே இருக்கும்.”

“எந்நேரமுமா?”

“எந்நேரமும். அதுவும் ஒரு சானல் மாதிரி சுத்திச் சுத்தி வந்துக்கினு இருக்குது. உங்க பெட்டி தூங்கச் சொல்ல ஒரு கண்ணைத் தொறந்து பாக்கும். இது என் மாடலுக்கு வந்ததா? என்கிட்ட இருக்கறத விட இதோட நம்பரு பெருசா? பெருசுன்னா இறக்கிக்கும். முழுசா வந்துச்சான்னு சரிபாக்கும். அப்பறம் பழசை அழிச்சிட்டுப் புதுசை எழுதிக்கும். அழிச்சி எழுதற அந்தப் பத்து இருவது நிமிசம் மட்டும் கரண்டு போவக் கூடாது. போச்சுன்னா பழசும் தெரியாது, புதுசும் தெரியாது, வெறும் தகர டப்பா.”

பிறகு பெருமூச்சு விட்டார். “முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் தாண்டி வர்றது, உங்க வீட்டு சுவிட்சுகிட்ட வந்து நின்னு திரும்பிப் போவுது.”

ஏதோ சொந்தக்காரர் வாசல் வரை வந்து, நாங்கள் வா என்று சொல்லாததால் திரும்பிப் போனதுபோலச் சொன்னார்.

அன்றிலிருந்து தினம் காலையில் சோதனை. சைக்கிளை விட்டு இறங்காமல், ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, ஜன்னல் ஜன்னலாகக் குரல் கொடுப்பார்: “சேப்பு எரியுதா?” தூங்குகிற பெட்டியின் நெற்றியில் சின்னதாகச் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். “எரியுதுப்பா” என்று உள்ளிருந்து பதில் போக வேண்டும். சந்தேகம் வந்தால் எட்டியும் பார்ப்பார். பக்கத்து வீட்டு ராஜம்மா என்ன செய்தாள் தெரியுமா? சுவிட்சை அணைத்துவிட்டு, விளக்கு இருக்கிற இடத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவிட்டாள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் எரிகிற மாதிரியே இருக்கும். ஒரு வாரம் ஏமாந்தார். எட்டாம் நாள் அவள் உட்கார்ந்து சீரியல் பார்த்துக்கொண்டிருந்தபோது ஜன்னலில் முகம் தெரிந்தது.

“ஏம்மா, முழிச்சிக்கினு இருந்தா பச்சை இல்ல எரியணும்? உன் பெட்டி மட்டும் கண்ணைத் தொறந்துக்கினே தூங்குதா?”

ராஜம்மா பொட்டைப் பிய்த்துத் தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டு, “எம் பொட்டுப்பா, கழண்டு விழுந்துடுச்சி” என்றாள். அவளை யாரும் ஜெயிக்க முடியாது.

ஆயுத பூஜை வந்தது. தறிக்கு, ஊடை ஓட்டுகிற நாடாவுக்கு, கத்தரிக்கோலுக்குச் சந்தனம் குங்குமம் வைத்த கை சும்மா இருக்குமா? பெட்டிக்கும் வைத்தோம். பெட்டியின் முன்பக்கம் கறுப்பாக, வட்டமாக, பொட்டு வைக்கவே செய்த மாதிரி ஓர் இடம் இருந்தது. தெரு முழுக்க அதே இடத்தில் அப்பினோம். மறுநாள் ஒரு வீட்டிலும் ரிமோட் வேலை செய்யவில்லை. அவரை அழைத்து, உன் வானத்துச் சரக்கு எங்கள் பெட்டிகளைக் கெடுத்துவிட்டது என்று நாங்கள் எல்லாரும் சேர்ந்து சத்தம் போட்டோம். அவர் வீடு வீடாகப் போய், கட்டை விரலை எச்சில் படாமல் தண்ணீரில் தொட்டு, சந்தனத்தைத் துடைத்துவிட்டுப் போனார். கடைசி வீடு என்னுடையது.

“ரிமோட்டு பேசறதை அது இந்தக் கண்ணாலதான்மா பாக்குது,” என்றார். “சாமி கும்புடுங்க. கண்ணைக் குத்தாதீங்க.”

ஆனால் அவருக்கு வந்த பெரிய சோதனை அதுவல்ல. ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு மேல் ராஜம்மா வீட்டு டிவியில் தானாக ஒரு கோடு ஓட ஆரம்பித்தது. கீழே எண் ஏறிக்கொண்டே வந்தது. ராஜம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை மூன்றிலிருந்து நாலரை ராகு காலம். ராகு காலத்தில் வீட்டுக்குள் புதிதாக ஒன்று ஏறினால் விளங்குமா? நாற்பதில் இருந்தபோது சுவரில் அணைத்துவிட்டாள். நாலரைக்குப் போட்டால் மிச்சத்தை ஏற்றிக்கொள்ளும் என்று அவள் கணக்கு. நாலரைக்குப் போட்டாள். பெட்டி வாயைத் திறக்கவில்லை.

ஸ்டாண்டுபை வந்து பெட்டியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது என்று ராஜம்மா சொன்னாள். அவள் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள். பெட்டியின் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே சுவரில் சுவிட்சைப் போடச் சொன்னார். வரவில்லை. மறுபடி. வரவில்லை. மூன்றாவது தடவை சிவப்பு எரிந்தது.

“உள்ள ஒரு மூலையில அழிக்க முடியாத சின்னப் பாடம் ஒண்ணு இருக்குதும்மா,” என்றார். “மத்தது எல்லாம் மறந்து போனாலும் அது மறக்காது. மேல பாரு, திரும்பக் கத்துக்கன்னு மட்டும் சொல்லும்.”

அதற்குப் பிறகு அவர் சட்டைப் பையில் சின்னப் பஞ்சாங்கம் ஒன்று குடியேறியது. ஊர்ப் பெண்களைத் திருத்த முடியாது என்று தெரிந்ததும், தன்னைத் திருத்திக்கொண்டார். “கம்பெனிக்காரனுக்கு எழுமகண்டம் தெரிய மாட்டேங்குதும்மா” என்று என்னிடம் குறைப்பட்டுக்கொள்வார். எமகண்டத்தை அவர் அப்படித்தான் சொல்வார்.

இவ்வளவையும் சொன்ன நான் அவர் பேச்சைக் கேட்டேனா என்றால், இல்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் யார் சொல்லியும் எதையும் செய்து எனக்குப் பழக்கமில்லை. “சேப்பு எரியுதா?” என்றால் “எரியுது” என்பேன், அவர் சைக்கிள் திரும்பியதும் சுவரில் அணைப்பேன். ஒரு வருஷம் அப்படியே ஓடியது.

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை ராஜம்மா மதில் மேல் தலையை நீட்டினாள்.

“யக்கா, உன் பொண்ணு கோமளா டிவில வர்றாளாம். சமையல் நிகழ்ச்சி. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு. நேத்து விளம்பரத்துல காட்டுனாங்க, என் கண்ணால பாத்தேன்.”

“எனக்கு எந்தப் பொண்ணு?” என்றேன்.

கோமளா என் ஒரே மகள். அவள் அப்பா போய்ச் சேர்ந்த இரண்டாம் வருஷம், என்னைக் கேட்காமல், தானே பார்த்துத் தானே கல்யாணம் செய்துகொண்டு மெட்ராசுக்குப் போனாள். கேட்டிருந்தால் நானே சரி என்றிருப்பேனோ என்னவோ. கேட்கவில்லை. ஐந்து வருஷம் ஆயிற்று. பொங்கலுக்குப் பொங்கல் வாழ்த்து அட்டை அனுப்புவாள். அவற்றைப் பிரிக்காமல் அரிசிப் பானைக்குப் பின்னால் போட்டுவைத்திருந்தேன்.

“எங்க வூட்டுக்கு வந்து பாரேன்க்கா.”

“உன் வூட்ல வந்து பாக்கறதுக்கு என் வூட்ல டிவி இல்லியா? நான் பாக்கறதா இல்ல, அது வேற.”

அவள் தலை மறைந்ததும் உள்ளே போய்ப் போட்டுப் பார்த்தேன். அந்தச் சானல் வருகிற எண்ணில் கறுப்பாக இருந்தது. அடுத்த சானல் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது, இது மட்டும் வரவில்லை. எத்தனை தடவை தட்டினேன் என்று சொல்லமாட்டேன். ராஜம்மா வீட்டுக்குப் போனால் பார்த்துவிடலாம். போனால் தெருவே கூடிவிடும். நான் டிவியைப் பார்ப்பேன், அவர்கள் என்னைப் பார்ப்பார்கள். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் கௌரவமாக இருந்தேன். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கௌரவம் தீர்ந்துபோயிற்று. அட்டை அடிக்கிற கொட்டகைக்கு நானே நடந்து போனேன்.

“ஒரு சானல் வரலப்பா. நியூஸ் பாக்கணும்,” என்றேன்.

வந்தார். பெட்டிக்குள் எதையோ தட்டி ஓர் எண்ணைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

“யம்மா, போன வருசத்து நம்பரு இருக்குது. மூணு அப்டேட்டு வாங்காம கிடக்குது. சேப்பு எரியுதுன்னீங்களே?”

“எரிஞ்சிதுப்பா, நீ கேக்கச் சொல்ல.”

வேறு யாராக இருந்தாலும் எழுந்து போயிருப்பார்கள். அவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். “இந்தச் சானல்காரன் படத்தைச் சுருட்டி அனுப்பற விதத்தை மாத்திட்டான். உங்க பெட்டிக்குப் பழைய சுருட்டலைத்தான் பிரிக்கத் தெரியும். புதுசை ஏத்தணும்” என்று சொல்லி, பெட்டியை வானத்துப் பாடத்துக்குத் திருப்பிவிட்டார். அது சுற்றிச் சுற்றி வருவது. எங்கள் பெட்டியின் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒன்பதே முக்காலுக்குப் பிடித்துக்கொண்டது. பத்தரைக்கு முழுசாக இறங்கியது. பழசை அழித்துப் புதுசை எழுதலாமா என்று திரையில் கேட்டது.

அவர் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டுப் பஞ்சாங்கத்தை எடுத்தார். “வெள்ளிக்கிழமை. பத்தரையிலருந்து பன்னண்டு ராகு காலம். முடிஞ்சதும் ஏத்திடலாம்மா. நியூஸ் எங்க ஓடிடப் போவுது?”

“ஏத்துப்பா,” என்றேன்.

“ராகு காலம்மா. நாளைக்கி பெட்டி கெட்டா என்னைச் சொல்லுவீங்க.”

“ராகுவும் வாணாம் கேதுவும் வாணாம், ஏத்துப்பா!”

என் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததை நானே அன்றுதான் கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பொத்தானை அழுத்திவிட்டு வாசலுக்கு ஓடி, “தெருவுல யாரும் கிரைண்டரு போடாதீங்க! மோட்டாரு போடாதீங்க! எழுதிக்கினு இருக்குது!” என்று கத்தினார். வெள்ளிக்கிழமை அது, வீட்டுக்கு வீடு மாவு அரைக்கிற நேரம். ஒவ்வொரு கிரைண்டராக நின்றது. தெரு அத்தனை அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை.

திரும்பி வந்தவருக்கு இன்னொரு பயம். எங்கள் சுவரில் பிளக் போடுகிற இடம் தளர்ந்து போயிருந்தது. லேசாக ஆடினால் பொறி பறக்கும். டிவிக்கும் சுவருக்கும் நடுவே உடம்பை நுழைத்து, மண்டி போட்டு, பிளக்கை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். “எவ்ளோம்மா?” என்று பின்னாலிருந்து கேட்பார். “முப்பது” என்பேன். “இப்போ?” “முப்பத்தி ஒண்ணு.” தொண்ணூறில் விளக்கு ஒருமுறை மங்கியது. அவர் மூச்சு விடுவது நின்றுபோனது. விளக்கு மறுபடி பிரகாசமானது. நூறு வந்தது. உடனே திரை இருண்டு, பெட்டியில் சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை.

“செத்துப்போச்சாப்பா?”

“பொறும்மா. கண்ணைத் தொறக்கட்டும்.”

பதினொன்றுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது பச்சை எரிந்தது. சானலைப் போட்டேன். என் மகள் நின்றுகொண்டிருந்தாள்.

கொஞ்சம் பூசினாற்போல் ஆகியிருந்தாள். நான் நெய்த அரக்குப் புடவையைக் கட்டியிருந்தாள். கத்திரிக்காய் கொத்சு செய்யப் போகிறாளாம். கத்திரிக்காயை நெருப்பில் சுட்டு, தோலை உரித்தாள். பாதித் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது.

“முழுசா உரிடி!” என்று நான் கத்தினேன்.

“படம் நிக்குதாம்மா?” என்று டிவிக்குப் பின்னாலிருந்து குரல்.

“நிக்கலப்பா. நல்லாத்தான் போவுது. வெளிய வாயேன்.”

“பிளக்கு ஆடுது. புடிச்சிக்கினே இருக்கறேன். நீங்க பாத்து, படம் உடைஞ்சா மட்டும் சொல்லுங்க. டெஸ்டிங் பண்ணணுமில்ல.”

நிகழ்ச்சி நடத்துகிற பெண் ஒரு கரண்டி வாயில் வைத்து, “வாவ், சூப்பர் மேடம்! அம்மா கத்துக் கொடுத்தாங்களா?” என்றாள்.

கோமளா சிரித்தாள். “எங்கம்மாவா? கிட்ட வராதடின்னு விரட்டுவாங்க. தறிகிட்ட உக்காந்துக்கினு எட்டி எட்டிப் பாத்துக் கத்துக்கிட்டேன். இப்பக்கூட எங்கயாவது இருந்து பாத்தாங்கன்னா, உப்பு பத்தலடின்னுதான் சொல்லுவாங்க.”

உப்பு பத்தவில்லைதான். அவள் போட்டபோதே பார்த்தேன். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். வேறு சத்தம்தான் வந்தது.

“சத்தமும் வாயும் ஒண்ணாப் போவுதாம்மா?” என்றார் பின்னாலிருந்து.

நான் முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தவருக்கு முட்டி இரண்டும் சிவந்து போயிருந்தன. உள்ளங்கையில் பிளக்கின் அச்சு. மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு எழுந்தவரிடம், “ஒரு லெட்டரு எழுதணும்ப்பா. என் கண்ணாடி உடைஞ்சிருக்குது” என்றேன். கண்ணாடி என் மூக்கில்தான் இருந்தது. “சரிம்மா” என்று போய் இன்லாண்டு லெட்டர் வாங்கி வந்தார்.

நான் சொன்னது இவ்வளவுதான்: “உப்பு ஒரு கல்லு கம்மி. தோலு முழுசா உரிக்கல. மத்தபடி சரி. இப்படிக்கு அம்மா.” அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து வாழ்த்து அட்டை ஒன்றை எடுத்து முகவரியைக் காட்டினேன். நாலு வரிக்கு அவர் வெகுநேரம் எழுதினார். எழுத்து மெதுவாம். எழுதியதை என்னிடம் காட்டாமல் மடித்து, ஒட்டி, தானே தபால் பெட்டியில் போட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஆட்டோ நின்றது. கோமளா, அவள் புருஷன், அவன் தோளில் தூங்குகிற ஒரு பெண் குழந்தை. நான் கதவருகே நின்றேன். “உப்பு கம்மின்னு சொல்லத்தான் ஆள் வெச்சி எழுதுனியாம்மா?” என்று அவள் கையிலிருந்த லெட்டரை நீட்டினாள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். நான் சொன்ன நாலு வரிக்குக் கீழே பக்கம் முழுக்க வேறு எழுதியிருந்தது.

“இது நான் எழுதறது. டிஷ் மெக்கானிக். உங்க அம்மா ராகு காலத்திலேயே ஏத்தச் சொன்னாங்க. ராகு காலத்தில் இந்தத் தெருவில் யாரும் ஒரு ஸ்பூன்கூடப் புதுசா வாங்க மாட்டாங்க. நீங்க பேசும்போது அழுதாங்க. நான் டிவிக்குப் பின்னால் இருந்தேன், பார்க்கலை, காதில் விழுந்தது. உங்க வாழ்த்து அட்டை எல்லாம் பத்திரமாக இருக்கிறது. நியூஸ் பார்க்கணும்னுதான் என்னைக் கூப்பிட்டாங்க. நான் எழுதினதைச் சொல்ல வேண்டாம். சீக்கிரம் வாங்க.”

அன்றைக்கே கொட்டகைக்கு ஆள் அனுப்பி அவரை வரச் சொன்னேன். யாரைக் கேட்டு என் வீட்டு விஷயத்தை எழுதினாய் என்று நாலு வார்த்தை கேட்பதாகத்தான் இருந்தேன். அவர் வந்து, கோமளாவைப் பார்த்ததும் சைக்கிளைத் திருப்பப் பார்த்தார். உள்ளே வரச் சொல்லி இலை போட்டேன். அவர் தலையைத் தூக்காமல் சாப்பிட்டார். கேட்க நினைத்ததைக் கேட்காமல், கொத்சு இன்னொரு கரண்டி ஊற்றினேன்.

எனக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. கோமளா தன் குழந்தையைத் தூக்கி அவர் பக்கத்தில் உட்காரவைத்து, “சாப்பிடுங்க மாமா” என்றாள். நான் திருத்தவில்லை.